ஈ பாதி, இறகு பாதி!

2009-ம் வருஷம், ஜூன் மாதம். லண்டனுக்குப் பக்கத்தில் ட்ரிங் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இங்கிலாந்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒரு கட்டடம். ராத்திரி நேரத்தில் ஓர் இளைஞன் ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே குதிக்கிறான். கையில் ஒரு சூட்கேஸ். வயசு 20. லண்டனில் புல்லாங்குழல் படிக்க வந்த அமெரிக்க மாணவன்.

வைரம் வைடூரியம் எதையும் அவன் தொடவில்லை. அலமாரி இழுப்பறைகளைத் திறந்து பதப்படுத்தி வைத்திருந்த பறவைத் தோல்களை அள்ளினான். மொத்தம் 299. அவற்றில் சில, டார்வினுக்குச் சமகாலத்தவரான ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ், காடு மேடெல்லாம் அலைந்து 19-ம் நூற்றாண்டில் சேகரித்து அனுப்பியவை. விஞ்ஞானத்துக்கு விலைமதிப்பில்லாத சொத்து. 2011-ல் கோர்ட் அவனுக்கு 12 மாதம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை விதித்தது. ஒண்ணேகால் லட்சம் பவுண்டுக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது.

எதற்கு இந்தத் திருட்டு? நம்ப மாட்டீர்கள்... தூண்டில் முள்ளில் கட்டுகிற பொய் ஈ செய்ய!

ஒரு மீனைப் பிடிக்கக் கட்டுகிற இறகுக்காக அருங்காட்சியகத்தையே உடைக்கிற அளவுக்கு மனுஷனுக்கு ஏன் பித்துப் பிடித்தது? அந்தப் பித்துக்கு ஒரு வைத்தியம் இருந்ததா? இருந்தது. அதுவும் தண்ணீர் வற்றிப்போன ஓர் ஆற்றில்தான் அந்த வைத்தியம் கிடைத்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் சமாசாரம் புரிய வேண்டும். நம்மூரில் தூண்டில் போடுவது எப்படி? மண்புழுவைத் தோண்டி எடுத்து முள்ளில் கோத்து, தக்கையைக் கட்டி, தங்கூசியை வீசிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். வெள்ளைக்காரன் இதையும் செய்தான். கூடவே இன்னொன்றையும் செய்தான். நூலும் இறகும் சுற்றி, பார்க்கப் பூச்சி மாதிரியே இருக்கிற போலி ஈயை முள்ளில் கட்டினான். 1496-லேயே இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் சாஸ்திரப் புத்தகத்தில் 12 வகை ஈக்களுக்குச் செய்முறை இருக்கிறது. கொலம்பஸ் அமெரிக்கா போய் நாலு வருஷம்தான் ஆகியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த ஈக்கள் எளிமையானவை. ஆட்டு ரோமம், வாத்து இறகு, கொஞ்சம் பட்டு நூல். அவ்வளவுதான். ஏழை பாழையும் கட்டலாம்.

பிறகுதான் சாம்ராஜ்யம் வந்தது. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பறவை இறகுகளைக் கொண்டுவந்து லண்டனில் கொட்டின. சீமாட்டிகளின் தொப்பிக்குப் போனது போக, மிச்சம் தூண்டில்காரர்களுக்கு வந்தது. ஆசை யாரை விட்டது? சால்மன் மீனுக்கான ஈ, கல்யாணப் பெண் மாதிரி அலங்காரம் பூண ஆரம்பித்தது.

அதில் மகாராணி என்றால் 'ஜாக் ஸ்காட்' என்கிற ஈதான். 1850 வாக்கில் அதே பெயருள்ள ஒரு கில்லி உருவாக்கியது. (ஸ்காட்லாந்தில் பிரபுக்களோடு ஆற்றுக்குப் போகிற மீன்பிடி உதவியாளருக்கு 'கில்லி' என்று பெயர். நம்மூர் கில்லி வேறு!) அந்த ஈயைக் கட்ட என்னென்ன வேண்டும் தெரியுமா? மயில் இறகு, தங்க நிற ஃபெசன்ட்டின் கொண்டை, மக்காவ் கிளியின் இறகு, டூக்கனின் மஞ்சள் இறகு, சாயம் ஏற்றிய அன்ன இறகு, கானமயில் வகையறா இறகு... ஒரு விரல் நீள முள்ளுக்குள் நாலு கண்டம் அடங்கிவிடும். 'இந்தியக் காக்கை' என்ற பெயரிலும் ஒரு சிவப்பு இறகு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பறவை இந்தியாவிலும் இல்லை, அது காக்கையும் இல்லை. தென் அமெரிக்கக் காட்டுப் பறவை அது!

நிஜமாகவே நம்மூரிலிருந்து போனது வேறொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். சாம்பல் காட்டுக்கோழி. அந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு வைத்தது போல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். அதை ஈயின் தலைக்கு இரண்டு பக்கமும் கட்டினால் அசல் கண் மாதிரி மின்னும். சால்மன் ஈக்களில் ஏகப்பட்டவற்றுக்குக் 'கண்' நம் காட்டுக்கோழிதான். பறவை இறகு ஏற்றுமதிக்கு 1902-ல் இந்திய அரசு தடை போட்டது. 1921-ல் இங்கிலாந்தும் இறக்குமதிக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனை சேவல்கள் கழுத்தைக் கொடுத்தனவோ!

1895-ல் ஜார்ஜ் கெல்சன் என்பவர் சால்மன் ஈக்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். எந்த ஆற்றுக்கு எந்த ஈ, அதில் எந்த இறகுக்குப் பக்கத்தில் எந்த இறகு என்று சாங்கோபாங்கமாக விவரித்தார். ஓர் இறகு மாறினாலும் மீன் மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும் என்கிற ரீதியில் ஊரே நம்பியது. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்களே... இங்கே ஈ பாதி, இறகு பாதி!

இதில் பெரிய தமாஷ் ஒன்று உண்டு. சால்மன் கடலில் வளர்கிற மீன். முட்டையிட மட்டும்தான் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பி வரும். ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். அதன் இரைப்பையே சுருங்கிப்போகும். மாதக்கணக்கில் உடம்பில் உள்ள கொழுப்பை வைத்தே காலம் தள்ளும். அதாவது, விரதம் இருக்கிற ஆசாமிக்கு முன்னால்தான் இத்தனை அலங்காரமும்! பசியில்லாத மீன் ஏன் ஈயைக் கவ்வுகிறது? கோபமா, பழக்க தோஷமா, வெறும் குறுகுறுப்பா? விவாதம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

சரி, வற்றிய ஆற்றுக்கு வருவோம்.

மழை பெய்து ஆறு பெருக்கெடுத்து ஓடும்போது தூண்டில்காரனுக்குக் கொண்டாட்டம். தண்ணீர் கலங்கியிருக்கும். மீனுக்கு அவன் தெரியமாட்டான். பெரிய ஈயாகப் போட்டால் போதும். ஆனால், கோடையில் ஆறு இளைத்து, கண்ணாடி மாதிரி தெளிந்து, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம் என்கிற நிலை வந்தால்? மீன் கண்ணுக்குத் தெரியும். கைக்குத்தான் வராது. பழைய ஆட்கள் அப்போது கம்பை மடக்கி வைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

1903 ஜூலை. அயர்லாந்து. ஆர்தர் எச்.இ. வுட் என்ற பணக்காரத் தூண்டில்காரர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். சுட்டெரிக்கிற வெயில். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஒரு தடுப்பணை ஓரமாக சால்மன்கள் மூக்கை முட்டிக்கொண்டு சும்மா கிடக்கின்றன. வழக்கமான ஈக்களை ஒன்றுகூட மதிக்கவில்லை.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைக் குடைந்து, ட்ரவுட் என்கிற சின்ன மீனுக்குப் போடுகிற ஒரு வெள்ளை அந்துப்பூச்சி ஈயை எடுத்தார். அணைக்கு மேலே போட்டிருந்த பலகைப் பாலத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். நரம்பைக் கையில் பிடித்து, ஈயைத் தண்ணீரின் மேலாகவே ஆட்டினார். சில நிமிஷத்தில் ஒரு சால்மன் மேலே வந்து பார்த்தது. கிட்டே வந்து, சட்டென்று திரும்பிப் போய்விட்டது. ஏன்? வுட் யோசித்தார். தொங்குகிற தன் கால்களைத்தான் அது பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். இடத்தை மாற்றி ஆற்றுக்குள் இறங்கி மண்டியிட்டார். அதே ஈயை அதே மாதிரி மேல்மட்டத்திலேயே காட்டினார். கவ்வியது! இன்னொன்றும் கவ்வியது. அப்புறம் ட்ரவுட் பிடிக்கிற சாதாரணக் கம்பை வரவழைத்து வீசினார். கடைசியில் ஆறு சால்மன் கரையேறின. தப்பிப்போனவை தனிக் கணக்கு.

இந்த ஒரு நாளில் அவருக்கு மூன்று விஷயங்கள் புரிந்தன. ஒன்று, ஈ சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு, அது தண்ணீரின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். மூன்று, மீன் கண்ணில் நாம் படக் கூடாது.

மூன்றாவதற்கு ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு, வெளியுலகம் மொத்தமும் ஒரு வட்ட ஜன்னலுக்குள்தான் தெரியும். சுமார் 97 டிகிரி கூம்பு. ஒளி விலகல் செய்கிற வேலை. கரையோரத்தில் தாழ்வாக, தள்ளி இருக்கிற பொருள் அந்த ஜன்னலின் விளிம்பில் நசுங்கி, மங்கிப்போகும். கிட்டே நெட்டையாக நின்றால் முழு ஆளும் தெரியும். வுட் மண்டியிட்டது பக்தியால் இல்லை, கணக்கால்!

பிறகு வுட், ஸ்காட்லாந்தின் டீ நதிக்கரையில் கெய்ர்ன்டன் என்ற இடத்தில் மீன்பிடி உரிமை எடுத்தார். டீ என்றால் குடிக்கிற டீ இல்லை. கெய்ர்ன்கார்ம் மலையில் பிறந்து அபர்டீன் நகரத்தில் கடலில் சேர்கிற நதி. எலிசபெத் ராணி 2022-ல் காலமானாரே, பால்மோரல் மாளிகை... அது இந்த நதிக்கரையில்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு வுட் தன் கண்டுபிடிப்பை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்.

அந்தக் காலத்தில் தூண்டில் நரம்பு பட்டு நூலால் ஆனது. சும்மா விட்டால் தண்ணீரில் நனைந்து முங்கிவிடும். வுட் அதற்குக் கொழுப்புத் தடவினார். மிதந்தது. அதனால் இந்த முறைக்கே 'கொழுப்புத் தடவிய நரம்பு' என்று பெயர் வந்துவிட்டது. நரம்பின் நுனியில் ஈயைக் கட்டுகிற மெல்லிய இழைக்கு அப்போது நைலான் கிடையாது. நைலான் உலகத்துக்கு அறிமுகமானதே 1938-ல்தான். ஸ்பெயினின் முர்சியா வட்டாரத்தில் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்த இழை வரும். வீசுவதற்கு முன்னால் அதை ஊறவைக்க வேண்டும். காய்ந்திருந்தால் பட்டென்று முறியும்.

மிதக்கிற நரம்பில் ஒரு தொல்லை உண்டு. ஆற்றின் குறுக்கே வீசினால், நடுவில் ஓடுகிற வேகமான நீரோட்டம் நரம்பின் நடுப்பகுதியை முன்னே தள்ளிக்கொண்டு போகும். நரம்பு வில்லாக வளைந்து நுனியில் இருக்கிற ஈயைத் தரதரவென்று இழுக்கும். கலங்கல் தண்ணீரில் இது பெரிய விஷயமில்லை. தெளிந்த தண்ணீரில் மீன் உடனே சந்தேகப்படும். எந்தப் பூச்சி ஐயா வெள்ளத்தைவிட வேகமாகக் குறுக்கே ஓடும்? வுட் கம்பின் நுனியால் ஒரு சுழற்று சுழற்றி, வளைந்த நரம்பைத் தூக்கி நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டார். இழுப்பு போய்விட்டது. ஈ, உதிர்ந்த இலை மாதிரி தன் பாட்டுக்கு மிதந்து வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஈத் தூண்டில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தச் சுழற்றலைச் சொல்லித் தருகிறார்கள்.

மீன் கவ்வினால்? வெடுக்கென்று இழுக்காதீர்கள் என்றார் வுட். நரம்பைத் தளர்த்திவிடுங்கள். கீழ்ப்பக்கம் வளைந்து போகிற நரம்பை நீரோட்டமே இழுக்கும். முள் மீனின் வாய் ஓரத்தில் தானாகப் போய் மாட்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத யோசனைதான்!

ஈ விஷயத்துக்கு வாருங்கள். அதில்தான் வுட் நிஜமான புரட்சி செய்தார். மெல்லிய கம்பியில் நீளமான முள். அதில் முன்பாதியில் மட்டும் கொஞ்சூண்டு நூல், கொஞ்சூண்டு இறகு. பின்பாதி மொட்டை. 'தாழ்ந்த நீர் ஈ' என்றே இதற்குப் பெயர் நிலைத்தது. பெரிய முள் என்பதால் பிடி கெட்டி. சின்ன உடை என்பதால் மீன் கண்ணுக்குச் சின்னப் பூச்சி. வுட் பெரும்பாலும் இரண்டு மூன்று ஈக்களையே மாற்றி மாற்றிப் போட்டார். 'ப்ளூ சார்ம்', 'சில்வர் ப்ளூ' இரண்டும் அவருக்குப் போதும். நிறம் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. ஒரு கட்டத்தில் இறகையே விட்டுவிட்டு, முள்ளின் தண்டுக்குச் சிவப்போ நீலமோ சாயம் பூசி வீசினார். அதற்கும் மீன் வந்தது!

கெல்சனின் கோட்டை இப்படித்தான் ஆட்டம் கண்டது. நாலு கண்டத்து இறகு செய்த வேலையை ஒரு சொட்டு பெயின்ட் செய்துவிட்டது.

எத்தனை மீன் பிடித்தார்? 1913 முதல் 1934 வரை கெய்ர்ன்டனில் தன் ஒரு கம்பால் மட்டும் 3,490 சால்மன். வருஷத்துக்குச் சராசரி 150-க்கும் மேல். பி.காம். படித்தவன் என்பதால் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் எனக்கு அடியில் இருக்கிற குறிப்பைத் தேடத் தோன்றும். இதிலும் ஒன்று இருக்கிறது. கெய்ர்ன்டன், ஸ்காட்லாந்திலேயே சிறந்த மீன்பிடி இடங்களில் ஒன்று. வுட்டிடம் பணம் இருந்தது, நேரம் இருந்தது, அந்த ஆற்றில் மீன் இருந்தது. திறமை மட்டும் முதலீடு இல்லை. ஆனாலும், மற்றவர்கள் கை கட்டி நின்ற வெயில் நாட்களில் அவர் பிடித்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

வியாபாரம் சும்மா இருக்குமா? 'எந்த ஈயானாலும் சரி, அளவு மட்டும் பாருங்கள்' என்று சொன்ன மனுஷரின் பெயரிலேயே 12 அடிக் கம்பு கடைக்கு வந்தது. தாழ்ந்த நீர் ஈக்கள் தனிப் பெட்டியில் விற்பனைக்கு வந்தன. வுட் 1934-ல் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய குறிப்புகளை வைத்து ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் டொனால்ட் ரட். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்ன தெரியுமா? 'ஜாக் ஸ்காட்'! எந்த ஈயின் ஆடம்பரம் செல்லாது என்று புத்தகம் காட்டியதோ, அதே ஈயின் பெயர்!

'சரி ஐயா, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன சாமான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? சுருக்கமாகச் சொல்லும்' என்கிறீர்களா? டீ நதிக்காரர்கள் அனுபவத்தில் கண்டது இதுதான். பிப்ரவரியில் பனிநீர் ஓடும்போது இரண்டு மூன்று அங்குல ஈ, முங்குகிற நரம்பு, ஆழத்தில் போட வேண்டும். குளிரில் மீன் மந்தமாக இருக்கும், எழுந்து வராது. தண்ணீரின் வெப்பம் 48 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 9 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மிதக்கிற நரம்புக்கு மாறு. தண்ணீர் இறங்க இறங்க, தெளியத் தெளிய, சூடேற ஏற... ஈ சிறுக்க வேண்டும், உடை மெலிய வேண்டும், நுனி இழை மெல்லியதாக வேண்டும், ஆள் தாழ வேண்டும். எல்லாமே குறைத்தல் கணக்குதான். கூட்டல் கிடையாது.

இந்தக் குறைத்தல் கணக்கை இன்றைக்கு ஆறு வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும். பூஜ்ய டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம். 20 டிகிரியில் அது 9.1 ஆகிவிடும். வெயிலில் மீனுக்குத் தேவை கூடும், வரவு குறையும். வரவு செலவில் துண்டு விழுகிற குடும்பத்தின் நிலைதான். அந்த நேரத்தில் முள்ளில் மாட்டிப் போராடினால், நாம் பத்திரமாகத் திருப்பி விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்.

திருப்பி விடுவதா? ஆமாம். 2015 முதல் ஸ்காட்லாந்தில் மார்ச் 31 வரை பிடிக்கிற சால்மனைக் கட்டாயம் ஆற்றில் விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த அளவுக்கு மீன் குறைந்துவிட்டது. 2023-ல் ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் சிக்கிய சால்மன், 1952-ல் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து மிகக் குறைவு. அதே வருஷம் டிசம்பரில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் சால்மனை 'கவலையில்லை' பட்டியலில் இருந்து 'அச்சுறுத்தலை நெருங்குகிறது' பட்டியலுக்கு மாற்றியது. பிரிட்டனில் உள்ள சால்மன்களை 'அழிவின் விளிம்பில்' என்றே சேர்த்தது. கடல் சூடாகிறது, ஆற்றின் குறுக்கே தடுப்புகள், கடல் பண்ணைகளில் இருந்து பரவுகிற பேன்... காரணங்கள் வரிசையில் நிற்கின்றன.

வுட் கம்பை வீசிய அதே டீ நதியின் மேற்பகுதியில் இப்போது கிளை ஓடைகளின் ஓரமெல்லாம் மரம் நடுகிறார்கள். காற்றுக்காக இல்லை, நிழலுக்காக. தண்ணீர் ஒரு டிகிரியாவது குளிரட்டும் என்று!

இறகுப் பித்து அடங்கிவிட்டதா என்று கேட்டால், இல்லை. ட்ரிங் திருட்டே சாட்சி. அந்தப் பையன் மீன் பிடிக்கக்கூட அவற்றைத் தேடவில்லை. அலங்கார ஈ கட்டுவது இப்போது தனிக் கலையாகிவிட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைப்பதற்காகவே கட்டுகிறார்கள். ஒரு மீன்கூட அந்த ஈக்களைப் பார்க்கப்போவதில்லை. நம் காட்டுக்கோழி 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் இருக்கிறது. வெளிநாட்டில் அந்த இறகு வேண்டும் என்கிறவர்கள், பண்ணையில் வளர்த்த கோழியின் இறகையோ, பிளாஸ்டிக்கில் அச்சடித்த கண்ணையோ வாங்கிக்கொள்கிறார்கள்.

வுட் தன் ஈயிலிருந்து இறகைக் குறைத்தார். இன்றைய விவேகமான தூண்டில்காரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் பல நதிகளில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தூண்டிலை நிறுத்தச் சொல்கிறார்கள், சில இடங்களில் ஆற்றையே மூடுகிறார்கள். அதனால் கோடையில் டீ நதிக்குப் போகிறவர் பெட்டியில் முதலில் எடுத்து வைக்க வேண்டிய சாமான் ஈயும் இல்லை, நரம்பும் இல்லை. கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குகிற ஒரு சின்ன வெப்பமானி. அது 20-ஐக் காட்டினால், கம்பை உறையிலிருந்து எடுக்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.